தூங்குகிற டிவியை எழுப்புவது யார் வேலை?

கொஞ்ச காலமாக நான் கோட் எழுதுவதைவிட, எழுதிய கோடைப் பற்றி எழுதுவதுதான் அதிகம். செட்டாப் பாக்ஸ் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் லினக்ஸ் கெர்னல் டிரைவர் எழுதுவது, அதாவது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருந்து வன்பொருளை இயக்கும் கோட் எழுதுவது, என் பிழைப்பு. எங்கள் சிப்பில் சிஇசி என்று ஒரு மூலை இருக்கிறது. அதன் டிரைவர் என் பொறுப்பு. அதற்கு ஆவணம் எழுத ஆள் தேடியபோது எல்லோரும் என் பக்கமே திரும்பிப் பார்த்தார்கள். சரி என்று ஒத்துக்கொண்டேன்.

சிஇசி என்ற பெயர் தெரியாதவர்களுக்கும் ஆளைத் தெரிந்திருக்கும். சாம்சங் டிவியில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க், பானசோனிக்கில் வியரா லிங்க். எல்லாம் ஒரே சமாச்சாரம்தான். பாக்ஸை ஆன் செய்தால் டிவியும் ஆன் ஆகிறதே, டிவி ரிமோட்டிலேயே பாக்ஸின் மெனுவுக்குள் போக முடிகிறதே, அந்த வேலை. எச்டிஎம்ஐ கேபிளின் 19 பின்களில் படமும் ஒலியும் தங்கள் வழியில் பறக்க, 13-ஆவது பின்னில் மட்டும் ஒரு ஒற்றைக் கம்பி மாட்டுவண்டி வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். நொடிக்குச் சுமார் 400 பிட். ஒரு பிட்டுக்கு 2.4 மில்லிசெகண்ட். ‘எழுந்திரு’ என்று டிவிக்குச் சொல்கிற இரண்டு பைட் செய்தி போய்ச் சேரவே 52 மில்லிசெகண்ட் ஆகும். 16 பைட்தான் உச்சவரம்பு. அந்த நீளத்தில் ஒரு செய்தி கிட்டத்தட்ட 0.4 நொடி எடுத்துக்கொள்ளும். மைக்ரோசெகண்டில் யோசித்துப் பழகிய டிரைவர்காரர்களுக்கு இது முதலில் நம்பவே முடியாது.

லினக்ஸில் இதற்கென்று ஒரு பொதுவான கட்டமைப்பு வந்தது 2016-இல்தான். அப்போது சிஸ்கோவில் இருந்த ஹான்ஸ் வெர்குய்ல் முன்னின்று செய்த வேலை. 4.8 கெர்னலில் ஸ்டேஜிங் பகுதியில், அதாவது இன்னும் முழுதாகத் தேறாத கோடுக்கான இடத்தில், நுழைந்து, 2017-இல் 4.10 வந்தபோது முறையான இடத்துக்கு மாறியது. அதோடு வந்த ஆவணமும் ஏனோதானோ என்று எழுதியது இல்லை. டிரைவர் எழுதுகிறவருக்கு ஒரு பகுதி, மேலே அப்ளிகேஷன் எழுதுகிறவருக்கு ஒரு பகுதி என்று பிரித்து, ஒவ்வொரு எரர் எண்ணும் எப்போது வரும் என்பதுவரை எழுதியிருக்கிறார்கள். கெர்னலில் எத்தனையோ பகுதிகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

அப்படியானால் நான் எழுத என்ன இருக்கிறது? எங்கள் கம்பெனிக்குள் ஏற்கனவே ஒரு ஆவணம் இருந்தது. ஃபங்ஷன் பெயர், அதற்குக் கொடுக்க வேண்டியவை, அது திருப்பித் தருவது என்று வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒரு வரிகூடத் தவறில்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அதை முழுக்கப் படித்துவிட்டு வந்து, “அக்கா, டிவியை எழுப்புறது யாரு? நாமளா, ஆப்பா, கெர்னலா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அதில் எங்கேயும் பதில் இல்லை. ஒவ்வொரு ஃபங்ஷனையும் யார் கூப்பிடுவார், எந்த நேரத்தில், எந்த லாக்கை (பூட்டை) பிடித்துக்கொண்டு, அப்புறம் பந்து யார் கையில். இந்த நான்குக்கும் பதில் சொல்லாத பத்தி எதுவும் புது ஆவணத்தில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

செய்தி அனுப்புகிற ஃபங்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் எழுதுகிறவர் கெர்னலுக்குக் கொடுக்க வேண்டிய முக்கியமான ஃபங்ஷன்கள் சிலவே: வன்பொருளை ஆன் ஆஃப் செய்ய ஒன்று, கம்பியில் தன்னை அடையாளம் காட்டும் லாஜிக்கல் எண்ணைப் பதிய ஒன்று, செய்தி அனுப்ப ஒன்று. இதில் அனுப்பும் ஃபங்ஷன் பூஜ்யம் திருப்பித் தந்தால் ‘அனுப்பியாயிற்று’ என்று பொருள் கொள்ளக் கூடாது. அனுப்ப ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான். செய்தி போய்ச் சேர்ந்ததா, எதிராளி வாங்கிக்கொண்டானா என்பது இன்டரப்ட், அதாவது வன்பொருள் ‘என்னைக் கவனி’ என்று கொடுக்கும் குரல், வந்தபின்தான் தெரியும். அப்போது டிரைவர் ‘டிரான்ஸ்மிட் டன்’ என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு முடிவைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் கெர்னல் இரண்டு நொடிக்குச் சற்று மேல் காத்திருந்து பார்த்துவிட்டு, இது தேறாது என்று கைவிட்டுவிடும்.

பழைய ஆவணத்தில் இந்த ஃபங்ஷனின் பெயரும் இருந்தது, விளக்கமும் இருந்தது. அது உள்ளே ஒரு மியூடெக்ஸை, அதாவது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே வைத்திருக்கக்கூடிய லாக்கை, பிடிக்கிறது என்பது இல்லை. மியூடெக்ஸ் என்றால் அது கிடைக்கும்வரை தூங்க நேரலாம். ஆகவே நேரடி இன்டரப்ட் ஹேண்ட்லரிலிருந்து கூப்பிடக் கூடாது, தூங்க அனுமதியுள்ள த்ரெட்டட் இன்டரப்ட் வைத்துக்கொண்டு அதிலிருந்துதான் கூப்பிட வேண்டும். இன்னொன்று, அனுப்பும் ஃபங்ஷனைக் கெர்னல் கூப்பிடும்போதே அதே மியூடெக்ஸ் அதன் கையில் இருக்கிறது. ‘வன்பொருள் உடனே தோல்வி என்று சொல்லிவிட்டதே, இங்கேயே டன் சொல்லிவிடலாம்’ என்று அதற்குள்ளிருந்தே கூப்பிட்டால் முடிந்தது கதை. தன் லாக்குக்குத் தானே காத்துக்கொண்டு டிரைவர் சிலையாக நிற்கும். பாக்ஸ் படம் காட்டிக்கொண்டுதான் இருக்கும், சிஇசி மட்டும் செத்திருக்கும். இப்போது இந்த இரண்டு விஷயமும் ஃபங்ஷனின் பெயருக்கு அடுத்த வரியிலேயே இருக்கின்றன. அது என்னென்ன வாங்கிக்கொள்கிறது என்பது அப்புறம்தான் வரும்.

இந்த அளவுக்குக் கோடைப் பார்த்தே எழுதிவிடலாம். டிவிகள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அப்படி எழுத முடியாது. ஆபீஸ் லேபில் இருப்பது நாலைந்து புது டிவி, எல்லாம் சமர்த்துப் பிள்ளைகள். எனக்கு வேண்டியது ஊர் டிவிகள்.

எங்கள் வீடு தண்டையார்ப்பேட்டையில். டிஎச் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிற அண்ணனைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அரசாங்கம் இலவசக் கலர் டிவி கொடுத்த காலத்தில் அந்தக் கடை ஓகோ என்று ஓடியது. இப்போது எல்லாம் தட்டை டிவி. காசிமேட்டிலிருந்து வருகிற செட், கொருக்குப்பேட்டையிலிருந்து வருகிற செட் என்று எந்த நாளிலும் பல கம்பெனி டிவிகள் சுவரோரம் சாய்ந்து நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு கடைக்குள் கால் வைக்க இடமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரும் கேபிளும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவேன். லினக்ஸுக்கான வி4எல் யுட்டில்ஸ் என்ற கருவித் தொகுப்பில் சிஇசி கன்ட்ரோல் என்று ஒரு கருவி வருகிறது. அதை மானிட்டர் நிலையில் ஓடவிட்டால் கம்பியில் போகிற வருகிற பேச்செல்லாம் திரையில் விழும்.

“இன்னாம்மா, இன்னிக்கும் பெட்டிய தூக்கினு வந்துட்டியா? டிவி இன்னா பேசுதுன்னு ஒட்டுக் கேக்கறதுக்கு ஒரு சம்பளமா?” என்பார் அண்ணன்.

“நீங்க திட்டாம இருந்தா போதும்ணே, சம்பளத்துல டீ நான் சொல்றேன்.”

அங்கே கற்றுக்கொண்டதில் பெரியது, தூங்கும் டிவியின் குணம். எச்டிஎம்ஐ-யில் 19-ஆவது பின் ஹாட் பிளக். டிவி இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். டிவி அதை உயர்த்தியதும் பாக்ஸ் 15, 16-ஆவது பின்கள் வழியே டிவி தன்னைப் பற்றிச் சொல்லும் இடிஐடி தகவலைப் படிக்கும். ‘நீ என் இரண்டாவது போர்ட்டில் இருக்கிறாய், உன் முகவரி 2.0.0.0’ என்று அதில் இருக்கும். அந்த முகவரி கிடைத்த பிறகுதான் சிஇசி பேச்சே தொடங்கும். இப்போது சில டிவிகள் ஸ்டாண்ட்பைக்குப் போகும்போது ஹாட் பிளக்கைக் கீழே இறக்கிவிடுகின்றன. பாக்ஸைப் பொறுத்தவரை கேபிளைப் பிடுங்கியது போலத்தான். முகவரி எஃப்.எஃப்.எஃப்.எஃப் ஆகிவிடும், அதாவது விலாசம் இல்லாத ஆள். ஆனால் சிஇசி கம்பியில் அந்த டிவி இன்னமும் காது கொடுத்துக்கொண்டுதான் இருக்கும்.

வீட்டில் பாட்டி பாக்ஸ் ரிமோட்டில் ஆன் பட்டனை அழுத்துகிறார். பாக்ஸுக்கு முகவரி இல்லை. முகவரி இல்லாமல் செய்தி அனுப்பப் போனால் கெர்னல் ‘நெட்வொர்க்கிலேயே நீ இல்லை’ என்று எரர் கொடுக்கும். டிவி எழுந்தால்தான் முகவரி கிடைக்கும், முகவரி கிடைத்தால்தான் டிவியை எழுப்ப முடியும். இந்தச் சிக்கலுக்குக் கெர்னலில் ஒரு பின்வாசல் வைத்திருக்கிறார்கள். அனுப்புகிறவர் எண் 15, அதாவது பதிவு செய்யாதவர். பெறுகிறவர் 0, அதாவது டிவி. இந்த ஒரு சேர்க்கைக்கு மட்டும் முகவரி இல்லாவிட்டாலும் அனுமதி உண்டு. ஹாட் பிளக் இறங்கினால் சிஇசி பகுதியே வேலை செய்யாத வன்பொருளும் இருக்கிறது. அதன் டிரைவர் ‘எனக்கு ஹாட் பிளக் தேவை’ என்று ஒரு கொடியை ஏற்றி வைக்கும். அங்கே பின்வாசலும் பூட்டு. எங்கள் சிப்புக்கு அந்தக் கொடி தேவையில்லை. ஆனாலும் வேறு டிரைவரிலிருந்து காப்பி அடிக்கும்போது அது கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே எங்கள் ஆவணத்தில் அதற்குத் தனிப் பத்தி.

எழுப்பிய பின்னும் கதை முடியவில்லை. டிவி கண் விழித்து ஹாட் பிளக்கை உயர்த்தும். எச்டிஎம்ஐ டிரைவர் இடிஐடியைப் படித்து நோட்டிஃபையர் (கெர்னலுக்குள் தகவல் கடத்தும் வழி) மூலமாகச் சிஇசி பக்கத்துக்கு முகவரியைச் சொல்லும். கெர்னல் தனக்கொரு லாஜிக்கல் எண்ணைப் பிடித்து, ‘நிலை மாறியது’ என்று ஒரு ஈவென்ட் கொடுக்கும். அதைப் பார்த்து அப்ளிகேஷன் ‘நான்தான் இப்போது ஓடுகிற ஆள்’ என்று ஆக்டிவ் சோர்ஸ் செய்தியை எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். இந்தக் கடைசி அடியைக் கெர்னல் செய்யாது. டிரைவரும் செய்யாது. இருவரில் ஒருவர் செய்துவிடுவார் என்று அப்ளிகேஷன் காத்திருந்தால், டிவி எழுந்து தன் பழைய இன்புட்டிலேயே ‘சிக்னல் இல்லை’ என்று நீலத் திரை காட்டிக்கொண்டு நிற்கும். வாடிக்கையாளர்கள் எங்களிடம் அதிகம் புலம்பியது இதைப் பற்றித்தான். பழைய ஆவணத்தில் இந்த ஐந்து அடிகளும் ஐந்து வெவ்வேறு பக்கங்களில் கிடந்தன. இப்போது ஒரே பக்கம், மேலிருந்து கீழ், ஒவ்வொரு அடிக்கும் பக்கத்தில் அதைச் செய்ய வேண்டியவர் யார் என்று.

கெர்னல் தானாகவே பதில் சொல்லும் செய்திகளும் உண்டு: சிஇசி பதிப்பு என்ன, உன் பெயர் என்ன, முகவரி என்ன என்பது போன்றவை. செய்திகளை அப்படியே மேலே தள்ளிவிடும் பாஸ்த்ரூ நிலையில் வைத்தால் அவற்றில் பெரும்பாலானவை அப்ளிகேஷன் தலையில் விழும். இதற்குக் கெர்னல் ஆவணத்தில் நல்ல அட்டவணை இருக்கிறது, நான் மறுபடி எழுதவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் சுட்டிவிட்டேன்.

லாஜிக்கல் எண் பிடிப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பாக்ஸ் டியூனர் வகை. டியூனருக்கு 3, 6, 7, 10 என்று நான்கு எண்கள். பாக்ஸ் முதலில் ‘3 இருக்கிறாயா’ என்று 3-ஆகவே குரல் கொடுக்கும். யாராவது ஆமாம் போட்டால் அடுத்தது 6. யாரும் வாய் திறக்காவிட்டால் எண் காலி என்று எடுத்துக்கொள்ளும்.

அண்ணன் கடையில் ஒரு நாள் காசிமேட்டு செட் ஒன்று. படம் கண்ணாடி மாதிரி தெரிகிறது, ராஸ்பெரி பை பதிவாகிவிட்டது, எண் கிடைத்துவிட்டது, முகவரி 1.0.0.0 என்று சரியாக இருக்கிறது. ஆனால் என்ன அனுப்பினாலும் டிவி அசையவில்லை. அண்ணன் பூதக்கண்ணாடியை எடுத்து போர்ட்டுக்குள் பார்த்தார். பத்துப் பின் உள்ள வரிசையில் ஓரிடத்தில் பச்சைக் களிம்பு.

“உப்புக் காத்துமா. கடலோரம் இருக்கற வூட்டு செட்டுங்க எல்லாத்துக்கும் இதே ரோதனதான். படம் வர்ற பின்னெல்லாம் நல்லாக்கீது, நீ சொல்றியே அந்தப் பதிமூணு, அது பூட்ச்சு.”

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். முகவரி வருவது வேறு பின்களில், அவை நன்றாக இருந்தன. எண் கிடைத்ததற்குக் காரணம், கம்பி அறுந்துபோனதால் யாரும் மறுப்பு சொல்லாதது. கம்பி இல்லாத இடத்தில் பதிவு எப்போதும் வெற்றிதான்! ‘கான்ஃபிகர் ஆகிவிட்டது’ என்ற வரியைக் கெர்னலின் நிகழ்வுப் பதிவில் பார்த்துவிட்டு டிரைவரைக் குடைந்துகொண்டிருப்பவருக்கு இதைச் சொல்லாத ஆவணம் எதற்கு? இப்போது சோதனை அத்தியாயத்தின் முதல் வரி, ‘0-ஐக் கூப்பிட்டுப் பாருங்கள், டிவி ஆமாம் சொல்லும்வரை எண் கிடைத்ததை நம்பாதீர்கள்.’

அடுத்த வரி அண்ணனுடையது. மல்டிமீட்டரை வைத்துக் கம்பியை அளந்து பார்ப்பது. சும்மா இருக்கும் சிஇசி கம்பி, 27 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியே 3.3 வோல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் யாரோ இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். மின்சாரமே இல்லாமல் அணைந்து கிடக்கும் ஒரு பழைய பிளேயர்கூட இந்த வேலையைச் செய்யும். அணைந்த கருவி 1.8 மைக்ரோஆம்பியருக்கு மேல் கசிய விடக் கூடாது என்று விதி இருக்கிறது. விதியைப் படித்துவிட்டா எல்லோரும் போர்டு செய்கிறார்கள்?

மின்பக்கத்தில் இன்னும் ஒரே ஒரு விஷயத்துக்கு இடம் கொடுத்தேன். ஒருவருக்கு மட்டும் அனுப்பும் செய்தியில், வாங்கிக்கொண்டவர் ஒப்புதல் சொல்வதற்கென்றே உள்ள பிட்டில் கம்பியைக் கீழே இழுப்பார். எல்லோருக்கும் பொதுவாக அனுப்பும்போது இது தலைகீழ்: கீழே இழுத்தால் மறுப்பு. ஆசிலோஸ்கோப்பில் பார்க்கிறவர்கள் இதில் தடுமாறுவார்கள்.

மேனேஜர் வேறொன்று கேட்டார். எந்தெந்த டிவி எப்படி நடந்துகொள்ளும் என்று கம்பெனி வாரியாக ஒரு அட்டவணை போட்டுக் கொடுங்கள் என்று. நான் மாட்டேன் என்றேன். ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் வந்தால் அந்த அட்டவணை பொய்யாகிவிடும், பொய் என்று தெரியாமலே பல வருடம் உயிரோடும் இருக்கும். அதற்குப் பதில், புது டிவி ஒன்று கைக்கு வந்தால் என்னென்ன செய்து பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஸ்டாண்ட்பையில் ஹாட் பிளக் இறங்குகிறதா, 15-இலிருந்து அனுப்பினால் எழுகிறதா, எழுந்ததும் தான் பாதி வழியில் இருப்பதாகச் சொல்கிறதா அல்லது ஆன் ஆகிவிட்டேன் என்று அவசரப்பட்டுப் பொய் சொல்கிறதா. அவர் முகம் அவ்வளவாக மலரவில்லை.

இப்போது மாட்டிக்கொண்டு நிற்பது ஸ்டாண்ட்பை அத்தியாயத்தில். பாக்ஸை அணைக்கும்போது ஸ்டாண்ட்பை செய்தியை டிவிக்கு மட்டும் அனுப்புவதா, எல்லோருக்குமா, யாருக்குமே வேண்டாமா? கட்டமைப்பு இதில் தலையிடுவதில்லை, அனுப்பச் சொன்னால் அனுப்பும். அண்ணனிடம் கேட்டேன்.

“போன வாரம் ஒரு அம்மா செட்ட எட்த்துனு வந்துச்சு. பாக்ஸ ஆஃப் பண்ணா டிவியும் சேந்து ஆஃப் ஆவுதாம், போர்டு பூட்ச்சுன்னு பயந்துனு கீது. நான் மெனுல போய் அந்த ஆப்ஷன ஆஃப் பண்ணி கொட்த்துட்டேன். இதுக்கு இன்னா காசு வாங்கறதுன்னு நீயே சொல்லு.”

“எவ்ளோ வாங்கினீங்க?”

“எர்நூறு. ஆட்டோ வெச்சினு வந்துச்சேன்னு கம்மி பண்ணேன்.”

அந்த அம்மாவின் பையன் அதே டிவியில் இன்னொரு போர்ட்டில் கேம் ஆடுகிறவனாம். பாக்ஸை யாராவது அணைத்தால் அவன் ஆட்டம் நடுவிலேயே இருண்டுவிடும். அப்படியானால் அணைக்கும் முன் திரையில் இருப்பது நாம்தானா என்று பாக்ஸ் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு யாராவது ஆக்டிவ் சோர்ஸ் என்று அறிவித்திருந்தால் வாயை மூடிக்கொண்டு தான் மட்டும் தூங்கப் போக வேண்டும். அந்த நினைவை வைத்திருப்பது அப்ளிகேஷனின் வேலை என்பது என் கட்சி. அப்ளிகேஷன் குழு, டிரைவரே பார்த்துக்கொள்ளட்டும் என்கிறது. புதன்கிழமை மீட்டிங் வைத்திருக்கிறார்கள். அதுவரை அந்த அத்தியாயத்தில் ‘யார்’ என்ற பத்தியைக் காலியாகவே விட்டு வைத்திருக்கிறேன்.